நாலாம் பாகம்

கோதைநாயகிக்கு மாதத்தில் மூன்று நாள்தான் சொந்தம். மற்ற நாளெல்லாம் அவள் மாமியாருக்குச் சொந்தம். விடியுமுன் கிணற்றில் சேந்தித் தலையில் கொட்டிக்கொண்டு, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டி, மடியாகத் தளிகை செய்து, மாமனார் கோயில் மடைப்பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் இலை போட்டுப் பரிமாறி, பாத்திரம் ஒழித்துப் போட்டு, மறுபடி அடுப்புக்குப் போனால் பொழுது சாய்ந்துவிடும். தூரமான மூன்று நாள் மட்டும் அவளிடம் ஒருவரும் ஒரு வேலையும் சொல்ல முடியாது. அவள் தொட்டால் தீட்டு. கொல்லைக் கோடியில் ஓடு போட்ட சின்ன அறையில் ஒரு பாய், ஒரு சொம்பு, ஓர் அலுமினியத் தட்டு ஆகியவற்றோடு அவளை விட்டுவிடுவார்கள். வேளாவேளைக்குத் தட்டில் சோறு எட்ட நின்று போடப்படும்.

திருவள்ளூரில் கோயிலை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தது. அதற்குள் போக எந்தப் பெண்ணும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. கோதை ஆசைப்பட்டாள். ஆசைப்படுவதை வெளியே காட்டிக்கொள்ளத்தான் முடியாது. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியப்போகிறது. அவள் கொல்லைக்குப் போகிற ஒவ்வொரு மாதமும் மாமியார் வைதேஹி அம்மாள் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, இந்த மாசமும் இல்லையா என்று கேட்பாள். கேட்பது பெருமாளை, காதில் விழ வேண்டியது கோதைக்கு.

கோதையின் அப்பா கவரைப்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் இருந்தவரை வீடு நிறையப் புத்தகம். அவர் போனதும் அண்ணன் ஆதிகேசவன் அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு, தங்கையையும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டான். புகுந்த வீட்டில் பஞ்சாங்கத்தையும் ஸ்தோத்திரப் புத்தகத்தையும் தவிர அச்சடித்த காகிதம் கிடையாது. ஒருமுறை கொத்தமல்லி கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னடி, கொத்தமல்லி என்ன சொல்றது?" என்று வைதேஹி அம்மாள் கேட்டாள். மாமனார் கிருஷ்ணஸ்வாமி சிரித்துவிட்டார். கோதையும் சிரித்துக்கொண்டே காகிதத்தை அடுப்பில் போட்டாள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. துப்புரவு செய்கிறவர்கள் மட்டும் வந்துபோவார்கள். சந்தின் எதிர்ச்சாரியில் பஜார் கடைகளின் பின்வாசல்கள். அவற்றில் ஒன்று பழவேற்காட்டிலிருந்து வந்து பாய்க்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மதுவின் வீடு. அவருடைய மகள் நசீம் பானுவுக்குக் கோதையின் வயது. சுவரில் ஓர் இடத்தில் செங்கல் பெயர்ந்து கை நுழைகிற அளவுக்குப் பொந்து இருந்தது. மற்ற நாளில் அந்தப் பொந்தருகே போனாலே கோதை மறுபடி குளிக்க வேண்டியிருக்கும். அந்த மூன்று நாளும் அவளே தீட்டு என்பதால் அவளை எந்தத் தீட்டும் ஒட்டாது. எதையும் தொடலாம், யாரிடமும் வாங்கலாம். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் நசீம் அந்தப் பொந்து வழியாக ஒரு புத்தகத்தை நீட்டினாள். அட்டையும் முதல் தாளும் கை மாறிக் கை மாறி உதிர்ந்துபோயிருந்தன. புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் அவற்றோடு போய்விட்டன. நசீமின் அண்ணன் அப்துல் ஜப்பார் மெட்ராஸில் படித்துக்கொண்டிருந்தான். யாரோ சிநேகிதனிடம் இரவல் வாங்கியதாம். மொத்தம் நாலு பாகம். ஒவ்வொன்றாகத்தான் தருவானாம்.

கோதை பாயில் குப்புறப் படுத்து முதல் வரியைப் படித்தாள். 'வானம் எரிந்த அன்று என் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் போனதால்தான் நான் இருக்கிறேன்.'

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சொல்கிறவள் பதினோரு வயதுப் பெண். ஊர் எது, நாடு எது என்று கதை சொல்லவில்லை. வானத்தில் ஏதோ வெடித்து உலகம் முடிந்துவிட்டது. வெயில் போய்விட்டது. பறவை ஒன்றுகூட இல்லை. இரவும் பகலும் சாம்பல் விழுகிறது. மிச்சமிருக்கிற மனுஷர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, தின்ன என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, கேட்டவர்களைக் கொன்றுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணும் அவள் தாயும் கைக்குழந்தையான தம்பியும் ஒரு ரொட்டிக் கடையின் நிலவறையில் ஒளிந்திருக்கிறார்கள். இத்தனையையும் அந்தப் பெண் அழாமல் சொல்கிறாள். பசியைப் பற்றிச் சொல்கிற இடத்தில் தம்பியின் கட்டைவிரலைப் பற்றிச் சொல்கிறாள். பிணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் அதன் சட்டைப் பித்தானைச் சொல்கிறாள். சோறு போட வந்த மாமியாரின் காலடி கேட்டதும் புத்தகத்தைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சோற்றைப் பிசைகிறபோது நிலவறையில் அவர்கள் ஆளுக்கு அரை ரொட்டி தின்பது நினைவு வந்து பாதியை மிச்சம் வைத்தாள். சந்தோஷம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. உலகம் அழிகிற கதையைப் படித்துக்கொண்டு அவள் அத்தனை சந்தோஷமாக இருந்தாள்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே போனபின் அவளுக்கு ரசம் கொதிப்பதும் தெரியவில்லை, அடங்குவதும் தெரியவில்லை. வைகாசியில் இரண்டாம் பாகம். ஆனியில் மூன்றாவது. அதில் தாய் தண்ணீர் தேடி வெளியே போகிறாள். போகுமுன் மகளிடம் சொல்கிறாள்: யார் தட்டினாலும் திறக்காதே. நான் வந்தால் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். பெயர் கேட்டால் மட்டும் திற. தாய் திரும்பவில்லை. நாள் போகிறது. தம்பி அழுகையை நிறுத்திவிடுகிறான். மூன்றாம் பாகத்தின் கடைசி வரி: 'கதவை யாரோ தட்டினார்கள். பெயர் சொல்லவில்லை.'

அதற்கு மேல் வெறும் தாள்.

"திறக்காதேடி," என்று கோதை வாய்விட்டுச் சொன்னாள். "திறக்காதே."

அந்த ஆனிக் கடைசியில் அவள் புருஷன் தேசிகன் வடக்கே கிளம்பினான். பத்ரிக்கு யாத்திரை போகிற ஒரு கோஷ்டிக்குத் தளிகை செய்ய ஆள் தேவைப்பட்டது. புரட்டாசியில்தான் திரும்புவான். நல்ல மனுஷன்தான். அம்மா சொன்னதை அப்படியே செய்வான். அம்மா ஒன்றும் சொல்லாதபோது கோதையோடு சிரித்துப் பேசுவான். அவனுக்கு இடது காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நடுவில் தோலால் ஒட்டியிருக்கும். மாமனாருக்கும் அதே காலில் அதே மாதிரி. தனியாக இருக்கும்போது கோதை அவனை வாத்து என்பாள். கிளம்புகிற அன்று அவள் சேவித்து எழுகையில் அந்த விரல்களை லேசாகக் கிள்ளினாள். அவன் தன் அம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான்.

ஆடி பிறந்தது. எச்சில் இலை போடக் கொல்லைக்கு வந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து நசீமின் குரல் கேட்டது. "ஏ கோதை, அண்ணன் வந்துகீது. நாலாவது பாகம் எடுத்தாந்துகீது. வெள்ளிக்கெழம மெட்ராஸ் போவச்சொல்ல எடுத்துக்கினு போயிடும். அந்த ஆளு திருப்பிக் கேக்கறானாம். உனுக்கு எப்போ?"

கோதைக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. முன்பின் ஆவது அவளுக்குப் புதிதல்ல. இன்றோ நாளையோ வரத்தான் போகிறது. வருவதற்குச் சற்று முன்னாலேயே போய் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கதவைத் தட்டியது யார் என்று தெரியாமல் ஒரு மாதம் முழுக்கச் சாத்துமுதும் கூட்டும் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். இன்னும் ஆயுசு முழுக்கவும் தெரியாமலே வைக்க வேண்டுமா?

மறுநாள் காலை கிணற்றடியில் எதையும் தொடாமல் ஒதுங்கி நின்று, "அம்மா, நான் ஆத்துல இல்லை," என்றாள்.

வைதேஹி அம்மாள் பெருமாள் படத்தின் முன் போய் நின்றாள்.

செய்வதைத் திருந்தச் செய்கிற பழக்கம் கோதைக்கு. தூரத்துத் துணியை எடுத்துப் போக வண்ணாத்தி முத்தம்மா வருவாளே என்று, தன் சிமிழிலிருந்த குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து, துணியில் தோய்த்துக் காயவைத்துச் சுருட்டிப் போட்டாள். பிறகு பாயில் படுத்து நாலாம் பாகத்தைப் பிரித்தாள்.

தட்டல் நிற்கவில்லை. இரவெல்லாம் தொடர்ந்தது. வெளியே இருப்பது பேசவில்லை, கதவைப் பிறாண்டியது, தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. அந்தப் பெண் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். திறக்கலாமா என்று ஒருமுறை தாழ்ப்பாள்மேல் கை வைத்தாள். திறக்காதேடி, அசடே, என்று கோதை புத்தகத்திடம் கெஞ்சினாள். அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள். கோதை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் சத்தம் இல்லை. அந்தப் பெண் திறந்து பார்க்கிறாள். வாசலில் அவள் தாய் செத்துக் கிடக்கிறாள். சாம்பல் காற்றில் தொண்டை வெந்து குரல் போயிருக்கிறது. பெயரைச் சொல்ல முடியாமல்தான் இரவெல்லாம் தட்டியிருக்கிறாள்.

கோதை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே கடைசிவரை படித்தாள். முடிந்ததும் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தைப் பொந்து வழியாகக் கொடுத்தபோது நசீம் அவள் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

ஜப்பார் வெள்ளிக்கிழமை ரயிலேறிவிட்டான். வர வேண்டியது அதற்குப் பிறகும் வரவில்லை.

ஆவணியில் ஒரு காலை பெருங்காயத்தைப் பொரித்த வாசனைக்குக் கோதை ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கே விளங்கியது. சிரித்தாள். வைதேஹி அம்மாளுக்கும் விளங்கிவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்து கோதை பார்த்ததே இல்லை. "வாடி, வந்து பெருமாளைச் சேவி," என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தாள். குச்சி எரிந்து விரலருகே வந்தது. விளக்கு ஏற்றப்படவில்லை.

"தேசிகன் கிளம்பினது ஆனிக் கடைசி," என்றாள். "ஆடியிலே நீ கொல்லையிலே ஒக்காந்தே. நான்தான் சாதம் போட்டேன்."

கோதைக்கு அப்போதும் புரியவில்லை.

"அப்புறம் இது எங்கேர்ந்துடி வந்தது?"

அன்று கிருஷ்ணஸ்வாமியைக் கோயிலிலிருந்து ஆள்விட்டு வரவழைத்தார்கள். கோதை கூடத்தில் நின்று உண்மையைச் சொன்னாள். ஆடியில் நான் நிஜமாக உட்காரவில்லை, பொய் சொன்னேன் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, ஒரு கதை படிக்க என்றாள். வைதேஹி அம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டேளா? கதை படிக்கறதுக்காம்."

கிருஷ்ணஸ்வாமிக்கு நம்ப ஆசையாக இருந்தது. "என்ன கதை அது? பேர் என்ன?" என்றார்.

பெயர் தெரியாது என்றாள். எழுதியவர் யார் என்றார். அதுவும் தெரியாது. புத்தகம் எங்கே? மெட்ராஸுக்குப் போய்விட்டது. மூன்றுக்கும் பதில் சொன்னபின் தன் காதுக்கே அது பொய்போல் கேட்டது. வேறு வழி தெரியாமல் கோதை கதையையே சொல்லத் தொடங்கினாள்.

ஒற்றைச் செருப்பிலிருந்து ஆரம்பித்தாள். உயிருக்குச் சொல்கிற கதை அல்லவா, ஒன்றையும் விடவில்லை. சாம்பல் விழுந்தது, பறவைகள் போனது, அரை ரொட்டி, தம்பியின் கட்டைவிரல். கிருஷ்ணஸ்வாமி தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் மணி அடித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. தாய் வெளியே போனதையும், நாள் போனதையும், கதவை யாரோ தட்டியதையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்புறம்?"

கேட்டது வைதேஹி அம்மாள்.

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவளுக்குத் தெரிந்தது. கிருஷ்ணஸ்வாமி அவளைப் பார்த்தார். அவள் முகம் சிவந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இவ்வளவு நன்னாக் கதை கட்டறவ," என்றாள் நிதானமாக, "நம்மகிட்டே இதுவரைக்கும் எத்தனை கட்டியிருப்பா? இதுவும் கட்டினதுதான்."

கிருஷ்ணஸ்வாமி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் நிமிரவில்லை.

முத்தம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. துணி சரியாக வெளுக்கவில்லை என்று திட்டப்போகிறார்களோ என்று பயந்து, "கறை இருந்திச்சிம்மா. நல்லாத்தான் அலசிப் போட்டேன். நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?" என்றாள். குங்குமம் என்று கோதை சொன்னாள். முத்தம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கறைன்னா கறைதானேம்மா," என்றாள்.

நசீமைக் கொல்லைச் சுவரருகே கூப்பிட்டார்கள். அவள் தயங்கவே இல்லை. சிநேகிதிக்கு ஒத்தாசை என்று நினைத்து ஓடிவந்தாள். புக்கு நான்தான் கொடுத்தேன் மாமி, சத்தியமா, என்றாள்.

"நீ படிச்சிருக்கியோ அதை?"

"இல்ல மாமி. பயங்கரக் கதைன்னா எனுக்குத் தூக்கம் வராது."

"உன்னோடதா?"

"இல்ல. எங்க அண்ணனோடது."

வைதேஹி அம்மாளுக்கு அது போதும். திரும்பி உள்ளே போனாள். அந்த வாரமே செய்தி பஜார்வரை போயிற்று. ஒரு தப்பும் செய்யாத ஜப்பாரை ஊருக்கு வராதே என்று அவன் அப்பா சொல்லி அனுப்பினார். பக்கீர் முகம்மது பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

ஆதிகேசவன் வந்து தங்கையைக் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துப் போனான். அங்கே புதிதாக எழுந்த ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் அவன் டைம்கீப்பர். ரயிலடிக்கு அப்பால் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தான். அவன் மனைவி ஸத்யபாமா கோதையிடம் கோபமாகப் பேசினதே கிடையாது. முதல் நாளே அவளுக்கு வேறு தட்டு, வேறு சொம்பு கொடுத்தாள். ரெண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "ஒண்ணோட கணக்குத்தான் எங்களுக்குத் தெரியும்," என்று சிரித்தாள். கோதைக்கு வந்தது காலையில் ஒரு வேளை பழையது, இரவில் வடித்த கஞ்சி. பால் கிடையாது. பகலெல்லாம் தெருக்கோடிப் பம்பிலிருந்து தண்ணீர் சுமந்தாள். ஆலைப் புகைபோக்கியிலிருந்து கரித்தூள் விழுந்துகொண்டே இருக்கும். உலர்த்திய துணியை உதறித்தான் எடுக்க வேண்டும்.

புரட்டாசியில் தேசிகன் திரும்பிவிட்டான் என்று தெரிந்தது. அவன் வரவில்லை. கோதை இரண்டு கடிதம் எழுதினாள். பதில் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது. அவள் சொன்னது உண்மையானால் குழந்தை பங்குனியில் பிறக்கும். மாமியார் சொல்வது உண்மையானால் வைகாசி ஆகும். குழந்தையே வந்து சாட்சி சொல்லிவிடும். பங்குனியில், நிறைமாதக் குழந்தையாக, கொழுகொழுவென்று. மேலே கரித்தூள் விழ, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் வயிற்றிலிருந்த சாட்சியிடம் பேசிக்கொண்டே நடந்தாள்.

பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. சொன்ன மாதம், சொன்ன நாள். ஆனால் எலிக்குஞ்சுபோல இருந்தது. பழையதும் கஞ்சியும் தின்ற வயிற்றில் அதற்கு மேல் வளர இடமில்லை.

விஷயம் தெரிந்ததும் வைதேஹி அம்மாள் தன் தெருவிலிருந்து லட்சுமியம்மாளை அனுப்பினாள். பிரசவம் பார்ப்பதில் பேர்போனவள். லட்சுமியம்மாள் துணியோடு குழந்தையை இரு கையிலும் ஏந்தி எடை பார்த்தாள். "எட்டு மாசம். சந்தேகமே இல்லை," என்றாள். கோதை, மாமி, இல்லை மாமி, இவ நிறைமாசம், இங்கே எனக்குச் சாப்பாடு போடலை மாமி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸத்யபாமா லட்சுமியம்மாளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். லட்சுமியம்மாள் நுரையை ஊதிக் குடித்தாள். "நன்னாத்தானேடி கவனிச்சுக்கறா," என்றாள்.

அவள் போனபின் கோதை துணியைப் பிரித்துக் குழந்தைக்கு எண்ணெய் தடவினாள். இடது கால். இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நடுவில் தோலால் ஒட்டியிருந்தன.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அண்ணனிடம் சொன்னாள். அவன் பார்த்துவிட்டு, பார்க்கலாம், என்றான். எழுதினானா இல்லையா என்று தெரியாது. தேசிகனுக்கு வேறு பெண் பேசி முடித்தாயிற்று, வருகிற ஆவணியில் கல்யாணம் என்ற செய்திதான் வந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை. ஆதிகேசவனும் கேட்கவில்லை. கோதை, காகிதம் வேண்டாம், ஆள் வேண்டாம், அவர்கள் ஒரு தரம் காலைப் பார்த்தால் போதும் என்று தீர்மானித்தாள். ஆடி அமாவாசையன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரியபாளையத்தில் வேப்பிலை கட்டிய பெண்கள் ஏறி இறங்கினார்கள். திருவள்ளூரில் தெருவே தெரியாத கூட்டம். குளத்தில் கரைக்க வெல்லத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஜனங்கள் நெருக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கோதை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நடந்து தன் வீட்டு வாசலில் ஏறினாள். அவளை முதலில் பார்த்தது ஜன்னல் வழியே வைதேஹி அம்மாள். கதவு உள்ளே தாழிடப்படும் சத்தம் கேட்டது.

கோதை தட்டினாள். "ஏன்னா," என்று கூப்பிட்டாள். கூட்டத்தில் நூறு பெண்கள் நூறு பேரை அப்படிக் கூப்பிடுகிறார்கள். மறுபடி தட்டினாள். உள்ளே அவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் செருமுகிற சத்தம் தெரியும். யாத்திரிகர்கள் நின்று பார்த்தார்கள். யாரோ ஒருத்தர், என்னம்மா, ஆள் இல்லையா என்றார்.

அவள் இதுவரை புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அந்தத் தெருவில் எந்தப் பெண்டாட்டியும் சொன்னதில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, கதவில் வாயை வைத்து, "தேசிகன்," என்றாள். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள்.

உள்ளே ஒரு காலடி கதவை நோக்கி வந்தது. தாழ்ப்பாளில் கை படுகிற சத்தம்கூடக் கேட்டது. "தேசிகா," என்றது வைதேஹி அம்மாளின் குரல். காலடி நின்றது. பிறகு திரும்பிப் போயிற்று.

ஜன்னலின் மேல்கதவு திறந்தது. வைதேஹி அம்மாள்தான். கோதை துணியை விலக்கி, குழந்தையின் இடது காலைப் பிடித்து, கம்பிக்கு அருகே உயர்த்தினாள். ஒட்டின விரல்கள் இரண்டும் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தன. குழந்தை காலை உதைத்தது. வைதேஹி அம்மாள் பார்த்தாள். அவசரமில்லாமல், நன்றாகப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு முன் தன் மடியில் கிடத்தி எண்ணெய் தடவின அதே காலை அவளுக்கு அடையாளம் தெரியாமல் இருக்க முடியாது. அவள் உதடு ஏதோ சொல்லப்போவதுபோல் அசைந்தது.

ஜன்னல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே கொக்கி விழுந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோதை அதற்குப் பிறகு திருவள்ளூர் போகவில்லை. அண்ணன் வீட்டிலும் இருக்கவில்லை. ஆலை கேன்டீனில் சமையல் ஆளாகச் சேர்ந்து, நானூறு பேருக்கு உப்புமா கிண்டினாள். மடி என்று ஒன்று அங்கே இல்லை. மூன்று நாள் என்று ஒன்றும் இல்லை. மகளுக்குச் செண்பகம் என்று பெயர் வைத்தாள். இரண்டு குடும்பத்திலும் இல்லாத பெயர். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து போடுகிற வாரப் பத்திரிகைகளில் அவள் படம்கூடப் பார்ப்பதில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு மத்தியானம். கேன்டீன் பின்புறம் கோதை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழையால் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். கதை சொல்லு என்று செண்பகம் நச்சரித்தாள். கோதைக்கு வேறு கதை தெரியாது. வானம் எரிந்த அன்று ஒரு பொண்ணு கால்ல ஒரே ஒரு செருப்புதான் இருந்தது என்று தொடங்கினாள்.

செண்பகம் காதைக் கொடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். அரை ரொட்டி வந்தபோது கையிலிருந்த உப்புமாவைத் தின்னாமல் வைத்துக்கொண்டாள். தாய் வெளியே போனபோது கோதையின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ யாரோ கதவைத் தட்டினா. பேர் சொல்லலை."

"தொறந்துச்சா?"

கோதை முறத்தைத் தட்டினாள். ஒரு கல் விழுந்தது.

"இன்னாம்மா, சொல்லு. தொறந்துச்சா அது?"

"இல்லை. திறக்கலை."

செண்பகம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். ஒட்டின கால்விரல்களைச் சந்தோஷத்தில் மடக்கி நீட்டினாள்.

"அப்பாடா," என்றாள். "நானா இருந்தாலும் தொறக்க மாட்டேன்மா." உப்புமாவைத் தின்ன ஆரம்பித்தாள். அப்புறம் என்ன என்று அவள் கேட்கவில்லை. கோதையும் சொல்லவில்லை.